விசா வந்ததும் பி.எஃப். கணக்கைப் பாருங்கள்

ஜெர்மனிக்குப் போகும் செவிலியர், கனடாவில் குடியேறப்போகும் ஐ.டி. ஊழியர், துபாய்க்குக் கிளம்பும் வெல்டர் என்று யாரிடம் பேசினாலும் பி.எஃப். விஷயத்தில் மூன்றே வகைத் தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சிலர் எதையும் படித்துப் பார்க்காமல், கிடைப்பதையெல்லாம் எடுத்துச் செலவழித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் கணக்கை அப்படியே போட்டுவிட்டுப் போய், ஏழெட்டு வருடம் கழித்து ஓடிபி வராத கைப்பேசியோடு தவிக்கிறார்கள். மூன்றாவது வகையினர் ‘இங்கே இருக்கும் பென்ஷனை அங்கே மாற்றித் தருகிறோம்’ என்று சொல்லும் ஏஜென்டுக்குக் கட்டணம் கட்டி ஏமாறுகிறார்கள்.

முதலில் அந்த ஏஜென்டின் பேச்சைத் தீர்த்துவிடுவோம். இந்தியாவில் சேர்ந்த பி.எஃப். பணத்தையோ அதோடு வரும் ஓய்வூதியத்தையோ இன்னொரு நாட்டு ஓய்வூதிய நிதிக்கு மாற்றும் வழி எதுவும் கிடையாது. ஜெர்மனிக்கும் கிடையாது, ஆஸ்திரேலியாவுக்கும் கிடையாது. இருப்பதாகச் சொல்பவர் உங்கள் யு.ஏ.என். எனும் பி.எஃப். பொது எண்ணுக்கும் ஆதார் ஓடிபிக்கும் வலை விரிக்கிறார். வருங்கால வைப்பு நிதி அமைப்பில் பணம் கோர உறுப்பினரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பணம் நாடு மாறாது. வேலை பார்த்த ஆண்டுகளை மட்டும் சில நாடுகளுடன் சேர்த்து எண்ணலாம். அதற்கான வழியைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், கணக்கில் என்ன இருக்கிறது என்பதையே பலர் பார்ப்பதில்லை.

பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் மூன்று பத்திகள் தெரியும். உங்கள் பங்கு, நிறுவனத்தின் பங்கு, ஓய்வூதியப் பங்கு. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 12 சதவீதம். நிறுவனம் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அதற்கு 15,000 ரூபாய் சம்பளம்தான் உச்சவரம்பு. ஆகவே அந்தத் திட்டத்தில் இருப்பவர் எழுபதாயிரம் வாங்கினாலும் அந்த மூன்றாவது பத்தியில் பொதுவாக 1,250 ரூபாய்தான் இருக்கும். முதல் இரண்டு பத்திகளுக்கு வட்டி சேரும், மூன்றாவதற்குச் சேராது. பி.எஃப். தொகையும் ஓய்வூதியப் பங்கும் வெவ்வேறு பணம்; விதிகளும் வெவ்வேறு; படிவங்களும் வெவ்வேறு. பி.எஃப். தொகைக்குப் படிவம் 19. ஓய்வூதியப் பங்குக்குப் படிவம் 10சி.

இந்தப் படிவம் 10சி-யில்தான் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். அதில் இரண்டு வழிகள் உண்டு: பணமாக வாங்கிக்கொள்வது, அல்லது ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ எனப்படும் திட்டச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது. பத்து ஆண்டுச் சேவை நிறைந்தவருக்குப் பணம் கிடையாது, சான்றிதழ் மட்டுமே. பத்துக்குக் குறைவாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

எட்டு ஆண்டு வேலை பார்த்த ஒரு செவிலியரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,250 வீதம் நிறுவனம் கட்டியது 1,20,000 ரூபாய். பணமாகக் கேட்டால் கையில் வருவது ஒன்றேகால் லட்சம் அளவுக்குத்தான். சான்றிதழ் வாங்கி வைத்தால் அந்த எட்டு ஆண்டுகள் உயிரோடு இருக்கும். திரும்பி வந்து இங்கே இரண்டு ஆண்டு வேலை பார்த்தாலே பத்து நிறைந்துவிடும். 58 வயதில் ஓய்வூதியம் உறுதி. கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்குப் பத்து ஆண்டு என்றால் மாதம் 2,143 ரூபாய்.

தொகை சிறியதுதான், மறைக்கவில்லை. ஒன்றேகால் லட்சத்தை வாங்கி முப்பது வருடம் தொடாமல் முதலீட்டில் வைப்பேன் என்று உறுதியாகச் சொல்பவரோடு எனக்கு வாதம் இல்லை. மூன்று, நான்கு ஆண்டே வேலை பார்த்து, திரும்பி வரும் எண்ணமே இல்லாதவரும் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பணத்தை டிக்கெட்டுக்கும் பெட்டிக்கும் செலவழித்துவிடுகிறார்கள். எட்டு, ஒன்பது ஆண்டு சேர்த்தவர் அப்படிச் செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பத்து ஆண்டு நிறைந்தவர் சான்றிதழே வாங்காமல் போவது அதைவிட மோசம். அவர் 58 வயதுக்கு முன் இறந்துவிட்டால் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியம் வரும். அப்படியொரு உரிமை இருப்பதே தெரியாமல் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன! சான்றிதழ் வாங்குங்கள். நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, இது என்ன என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி பி.எஃப். தொகை. வேலையை விட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு அதை 12 மாதமாகவும், ஓய்வூதியப் பங்குக்கு 36 மாதமாகவும் நீட்ட முடிவெடுத்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு வழி வேறு. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 69ஆவது பத்தி, நிரந்தரமாகக் குடியேறவோ வேலைக்காகவோ வெளிநாடு போகிறவர் புறப்படும் முன்பே முழுத் தொகையையும் எடுக்க இடம் தருகிறது. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதி வரிசையில் நிற்காதீர்கள். காரணம் வெளிநாட்டு வேலை என்று எழுதி, பாஸ்போர்ட், விசா, வேலை நியமனக் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு உங்கள் கணக்கு இருக்கும் மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எடுக்காமல் விட்டாலும் வட்டி வந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு: நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறியவர் 36 மாதத்துக்குள் கோரவில்லை என்றால் கணக்கு செயலற்றதாகிவிடும், வட்டி நின்றுவிடும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரியும் உண்டு. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுச் சேவை இல்லாமல் எடுத்தால் எடுக்கும் தொகைக்கே வரி. முந்தைய நிறுவனங்களில் பார்த்த ஆண்டுகளும் அந்த ஐந்தில் சேரும், ஆனால் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்திருந்தால் மட்டுமே. மூன்று கம்பெனியில் மூன்று கணக்கு வைத்துக்கொண்டு ‘பத்து வருஷம் வேலை பார்த்தேன்’ என்று சொல்லிப் பயனில்லை. முதலில் இணையுங்கள், பிறகு கோருங்கள்.

அடுத்து, தமிழ்நாட்டுக்காரர்களைத் தனியாக வாட்டும் ஒரு சிக்கல்: இனிஷியல். பி.எஃப். பதிவில் ‘முருகன் எஸ்’. ஆதாரில் ‘எஸ். முருகன்’. பாஸ்போர்ட்டில் ‘முருகன்’ ஒரு கட்டத்தில், ‘செல்வராஜ்’ இன்னொரு கட்டத்தில். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரிகிறது, கணினிக்குத் தெரிவதில்லை. ‘விவரம் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் திரும்பி வரும். எந்த விவரம், எதை மாற்ற வேண்டும் என்று எழுத அந்த அதிகாரிக்கு இன்னும் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதை அவர் எழுதுவதில்லை. அலுவலகம் கம்பெனியைக் கேட்கச் சொல்லும், கம்பெனி அலுவலகத்தைக் கேட்கச் சொல்லும். நடுவில் நிற்பவருக்கு விமானம் அடுத்த வாரம்.

ஆகவே விசா வந்த அன்றே உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு வழங்கப்பட்டு, ஆதாரில் சரிபார்க்கப்பட்ட யு.ஏ.என். என்றால் பல திருத்தங்களை நீங்களே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். அதற்கு முந்தையது என்றால் கூட்டு உறுதிமொழிப் படிவம் வேண்டும், நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். வேலையில் இருக்கும்போதே இதை வாங்குங்கள். ராஜினாமா செய்துவிட்டுப் போனவரின் தொலைபேசியை மனிதவளப் பிரிவு எடுப்பதில்லை.

கைப்பேசி எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆதாரோடு இணைந்த இந்திய எண்தான் உங்கள் சாவி. தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படலாம். பிறகு அதே எண் வேறு யாருக்காவது போய்விடும், உங்கள் ஓடிபியும் அவருக்குப் போகும். சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வருவதும் ஒரு வழிதான், ஆனால் ரீசார்ஜ் செய்ய அவருக்கு நினைவிருக்க வேண்டும். மாதச் செலவு சிறியது. எண்ணை விடாதீர்கள்.

வங்கிக் கணக்கும் அப்படியே. வெளிநாட்டுவாசி ஆனதும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். அந்நியச் செலாவணி விதி அது. மாற்றும்போது கணக்கு எண் மாறுமா என்று வங்கியில் கேளுங்கள். மாறினால் பி.எஃப். தளத்திலும் மாற்றுங்கள். என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும் தொகையை ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வருமான வரித் துறைப் படிவமும் பட்டயக் கணக்கர் சான்றும் தேவைப்படும். பணத்தைச் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் வழி இதுதான். ஏஜென்ட் சொல்வது எதுவும் இல்லை.

ஆண்டுகளைச் சேர்த்து எண்ணும் விஷயத்துக்கு வருவோம். பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, நார்வே, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. இங்கே ஏழு ஆண்டு, ஜெர்மனியில் நான்கு ஆண்டு என்றால் தகுதிக்கு இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாட்டிலும் கட்டிய அளவுக்கு அந்தந்த நாடு ஓய்வூதியம் தரும். இதற்கும் உங்கள் கையில் திட்டச் சான்றிதழ் இருக்க வேண்டும். பணமாக வாங்கிவிட்டவருக்குக் கூட்டுவதற்கு இங்கே ஆண்டே இல்லை. மறுபடி சொல்கிறேன்: படிவம் 10சி-யில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்திய நிறுவனமே உங்களை அந்த நாடுகளுக்கு அனுப்புகிறது என்றால் ‘சர்டிபிகேட் ஆஃப் கவரேஜ்’ கேளுங்கள். நிறுவனம் மூலம் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்குவது. அது இருந்தால் ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை அந்த நாட்டில் பிடித்தம் கிடையாது, இங்கே மட்டும் கட்டினால் போதும். இங்கே ராஜினாமா செய்துவிட்டு அங்குள்ள நிறுவனத்தில் நேரடியாகச் சேருபவருக்கு இது பொருந்தாது.

அமெரிக்காவோடு இப்படி ஒப்பந்தம் இல்லை. அங்கே பத்து ஆண்டுக்குச் சமமான நாற்பது கிரெடிட் சேராமல் திரும்புகிறவருக்குக் கட்டிய பணம் போனதுதான். வளைகுடாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்குப் பொதுவாக ஓய்வூதியமே கிடையாது, பணிக்கொடைதான். அங்கே போகிறவர்கள்தான் இங்கே சேர்த்த ஆண்டுகளைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும்.

பிள்ளைகளோடு போய்த் தங்கும் ஓய்வூதியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வூதியம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றுதான். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம். முடியாதவர்கள் இந்தியத் தூதரக அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பலாம். தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு நோட்டரி அல்லது வங்கி அதிகாரியின் கையெழுத்தும் செல்லும். கிளம்பும் முன் கருவூலத்தில் உங்களுக்கான மாதத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் பி.எஃப். பணம் வரவில்லை என்றால்? முழுமையான விண்ணப்பத்தை 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும், குறை இருந்தால் அதே 20 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 72ஆவது பத்தி. தகுந்த காரணம் இல்லாமல் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதை ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். இந்தப் பத்தியைக் குறிப்பிட்டு அமைப்பின் குறைதீர் தளத்தில் புகார் எழுதுங்கள், பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். இன்னும் ஊரில் இருப்பவர்கள் மாதந்தோறும் 27ஆம் தேதி நடக்கும் ‘நிதி ஆப்கே நிகட்’ முகாமுக்கு நேரில் போகலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். பி.எஃப். உறுப்பினரும் நுகர்வோர்தான் என்று சிவகுமார் ஜோஷி வழக்கில் 1999ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகாரை ஆன்லைனில் தாக்கல் செய்யலாம். ஊரில் இருக்கும் உறவினருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தும் நடத்தலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்கப்படுவது, மண்டல அலுவலகத்தில் நீங்கள் வாங்கிய அந்த ஒப்புகைச் சீட்டைத்தான்.