'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் காசும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'கேஷ்' என்னும் சொல், தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என்று நம்மவர் மேடைகளிற் கூறுதலைப் பலகாலும் கேட்கின்றோம். ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்து வருதலின் இக்கூற்று உள்ளத்தைக் கவர்வதில் வியப்பில்லை. ஆயினும், இது பாதியே உண்மை. அப்பாதி எதுவென வரையறுத்தலையே இங்கு யாம் மேற்கொண்டோம்.

கைப்பணம் என்னும் பொருளில் இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். தொடக்கத்தில் அது பணத்தை மட்டுமன்றிப் பணப்பெட்டியையும் குறித்தது. பிரெஞ்சில் 'காஸ்' எனவும் இத்தாலியத்தில் 'காஸா' எனவும் வழங்கிய பெட்டிப்பெயர்களே இதற்கு மூலம். அவற்றிற்கு மூலம் இலத்தீன் 'காப்சா'. பெட்டியின் பெயர் அதன்கண் உள்ள பணத்திற்கு ஆயிற்று. இதனை நாம் இடவாகுபெயரின்பாற் படுத்தலாம். தானியாகுபெயர் இதற்கு மறுதலையாம்.

காலமும் இதற்குச் சான்று பகர்கின்றது. லூக்கா பச்சோலி என்பார் இரட்டைப்பதிவுக் கணக்குமுறையை விளக்கிய நூல் 1494-இல் வெனிசு நகரில் அச்சேறிற்று. அதன்கண் கைப்பணக் கணக்கின் பெயர் 'காஸா' என்றே உள்ளது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததோ 1498-இல். ஆகலின், போர்த்துக்கீசியர் நம் கரையினின்று கொண்டு சென்ற சொல்லே ஐரோப்பியக் கணக்கேடுகளிற் புகுந்தது எனல் பொருந்தாது.

இனி, ஆங்கிலத்தில் மற்றொரு 'கேஷ்' உண்டு. தென்னிந்தியாவிலும் சீனத்திலும் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. இதுவே நம் காசு. யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுக்க, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதனைத் தமிழ்ச் சொல்லோடு இயைத்துக் காட்டுகின்றது. போர்த்துக்கீசியர் இதனைக் 'காய்ஷா' என்றனர். அம்மொழியிற் பெட்டிக்கும் அதுவே பெயர். அதுவும் 'காப்சா' வழி வந்ததே. வேற்றுச் சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லின் வடிவில் வார்த்துக்கொள்ளுதல் எம்மொழியார்க்கும் இயல்பு. இவ்வாறு இரு சொற்களும் ஓருருவு பெற்றமையே இன்றைய மயக்கத்திற்கு வித்தாயிற்று. நடுவே சதுரத் துளையுடைய செப்பு நாணயத்தைச் சீனர் தம் மொழியில் வேறு பெயரால் வழங்க, மேனாட்டு வணிகர் அதற்குத் தமிழ்ப் பெயரை இட்டு அழைத்தமை நினைந்து மகிழற்பாலது.

சென்னையில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். அவ்வாறாயின் ஒரு வராகனுக்கு 3,360 காசு. கிழக்கிந்தியக் கும்பினியார் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை 1808-ஆம் ஆண்டு பொறித்து இங்கிலாந்திலேயே அடித்தனர். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809-இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிற்று.

இத்துணைச் சிறுமை எய்திய காசு முன்னாளில் பொன்னாக இருந்தது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களில் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்கு ஈந்த காசு, பொன் நாணயமே. ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்காற் காசு வட்டி. அதற்கும் முற்பட்ட குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி அலகிற் கொண்ட வேப்பம்பழத்திற்கு, நூல் கோப்பவன் நகங்களிடையே பற்றிய பொற்காசு உவமையாகின்றது. அங்குக் காசு கடைத்தெருவில் மாற்றும் பொருளன்று, அணிகலத்தின் உறுப்பு. காசு என்பதே 'கர்ஷம்' என்னும் வடமொழி எடைப்பெயரின் திரிபு என்பார் உளர். அன்னார் இவ்வணிப்பொருளுக்கு அமைதி கூறுதல் வேண்டும். அது கூறப்படுங்காறும் அக்கருத்தை யாம் உடன்படுதற்கில்லை. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடாகக் காசு நிற்றலையோ ஈண்டு விரித்தல் மிகையாம்.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரமாக 1949 வரை வழங்கிற்று. அங்கும் அது ஒழிந்தபின், நாணயப் பெயராகிய 'கேஷ்' என்பதைப் பெரும்பான்மையும் சீன நாணயம் தொகுப்பாரே ஆள்கின்றனர்.