வேகாத இட்லி, பொரியாத வடை

தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் அடுப்பும் பிள்ளையும் அருகருகே. அம்மா தோசை வார்த்தால் மகளும் வார்க்க வேண்டுமாம்! அவளை அடுப்பிலிருந்து விலக்க ஒரு பொய்ச் சமையல் தேவை. கடைச் சொப்புக்குக் காசு வேண்டும்; 2021 ஜனவரி முதல் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரையை நடைபாதைச் சரக்கில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கிழிந்த வேட்டித் துணியில் பஞ்சடைத்துத் தைத்தால் இட்லி. காக்கி உறையைச் சுருட்டினால் முறுகல் தோசை. வடைக்குத்தான் வேலை அதிகம். பழைய செய்தித்தாளை இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து, மைதாப் பசையுடன் பிசைந்து தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட வேண்டும். டீ டிகாக்ஷன் தடவினால் பொரித்த நிறம் வரும். வெயிலில் நன்றாகக் காயாவிட்டால் பூசணம் பூக்கும். மும்பை மழைக்காலத்தில் இந்த வடை வேண்டாம்.

கறிகாய்க்குப் பதில் பொத்தானும் புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குக் கீழே கூடவே கூடாது, தொண்டையில் அடைக்கும். வளர்ந்த பிள்ளை வடாபாவ் கேட்டால், பழைய ஸ்பாஞ்சைப் பிளந்து நடுவில் அதே வடை!