மித்தி ஆறும் அதிகாரப் பகிர்வும்

விகார், பொவாய் ஏரிகளின் உபரிநீரால் உருவாகும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, தாராவி வழியாக மாகிமில் கடலை அடைகிறது. வழிநெடுகிலும் குடியிருப்புகளின் சாக்கடை நீரும் சிறு பட்டறைகளின் கழிவும் அதில் கலக்கின்றன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. குறுகித் தூர்ந்திருந்த ஆறு கரைபுரண்டு குர்லாவை மூழ்கடித்தது. ஆற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா அப்போது கூர்மையாக எழுந்தது.

நீர், மாநிலப் பட்டியலைச் சார்ந்த பொருள். ஆகவே சில மாநிலச் சட்டமன்றங்களின் தீர்மானத்தைப் பெற்றே நாடாளுமன்றம் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. மகாராஷ்டிரமோ 1969-லேயே தனிச்சட்டம் இயற்றி, 1970-இல் வாரியமும் அமைத்திருந்தது. மாநில முயற்சி மையத்தை முந்த இயலும் என்பதற்கு இது சான்றாகும். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மைய அரசுக்கு விரிந்த அதிகாரம் அளித்தது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம், சுற்றுச்சூழல் பாதுகாப்பை நகராட்சிகளுக்கு வழங்கத்தக்க பணிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவ்வாறு அதிகாரம் பரவலாவதால் விளையும் நன்மை யாது? எந்தச் சந்திலிருந்து கழிவு வடிகிறது என்பதை உள்ளூர் அலுவலரே நன்கறிவார். சிதறிக் கிடக்கும் சிறு பட்டறைகளைத் தொலைவிலிருந்து கண்காணித்தல் அரிது. ஆயினும் ஆறு ஆட்சி எல்லைகளை அறியாது. மேற்பகுதியினர் கழிவை விடுவதால் மிச்சமாகும் செலவு அவர்களைச் சேர்கிறது. கேடோ கீழ்ப்பகுதியினரைச் சேர்கிறது. தொழில்களை ஈர்க்கும் போட்டியில் வட்டாரங்கள் விதிகளைத் தளர்த்தும் அபாயமும் உண்டு.

வெள்ளத்திற்குப் பின் மித்தி சீரமைப்பில் மேற்பகுதி மாநகராட்சியிடமும், குர்லாவை அடுத்த பாலத்திற்குக் கீழ்ப்பட்ட சுமார் 6 கிலோமீட்டர் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. மேலே கழிவு தடுக்கப்படாவிடில், கீழே எத்துணை தூர் வாரினும் மாசு நீங்காது. இருவரையும் இணைக்கும் பொருட்டே 2005 ஆகஸ்டில் மித்தி ஆற்று மேம்பாட்டு, பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பட்டது.

எனவே மையமா, மாநிலமா, நகரமா என்று ஒன்றைத் தெரிந்தெடுப்பது தீர்வாகாது. குறைந்தபட்சத் தர அளவுகளை நாடு முழுமைக்கும் மையம் வகுக்கட்டும். ஆற்றுப் படுகை முழுவதற்கும் மாநிலம் பொறுப்பேற்கட்டும். அன்றாடக் கண்காணிப்பு நகராட்சியிடம் இருக்கட்டும். ஆனால் பொறுப்பை இறக்கி வைக்கும்போது நிதியும் பயிற்சி பெற்ற பணியாளரும் ஆய்வுக்கூடமும் உடன் செல்லவேண்டும். அவையின்றி வழங்கப்படும் அதிகாரம், குர்லா மக்களுக்கு அடுத்த வெள்ளத்தின்போது துணை நில்லாது.