ஓய்விழந்த கரங்கள்

மாநகரின் பழைய இருப்புப்பாதைக்குப் புதிய சமிக்ஞைகள் அமைப்பது நற்செயலே. ஆயினும், அதைச் செய்யும் மனிதனை மறந்தால் விளைவது யாது? இலண்டனில் கிளாப்பம் சந்திப்பருகே 1988 டிசம்பர் 12 அன்று நிகழ்ந்த விபத்து இதற்கு விடை பகர்கின்றது.

அங்கு 1936-இல் அமைந்த சமிக்ஞைக் கருவிகள் தேய்ந்துவிட்டமையால், புதியன பொருத்தப்பட்டு வந்தன. தண்டவாளத்தில் வண்டி நின்றால், கருவிக்குச் செல்லும் மின்சாரம் அற்றுப்போய்ச் சிவப்பு விளக்கு எரியும், இதுவே முறை. ஆனால் நவம்பர் இறுதியில் நடந்த வேலையில், பழைய மின்கம்பி ஒன்று வெட்டி அகற்றப்படாமல், முனையும் மூடப்படாமல் விடப்பட்டது. இரு வாரங்களுக்குப்பின் அருகில் வேறு வேலை நடந்தபோது அக்கம்பி அசைந்து, பழைய இணைப்பைத் தொட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சிற்று. அதனால் சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் எரியவில்லை. காலையில் பணிக்குச் செல்வோர் நிறைந்த வண்டி, முன்னே நின்ற வண்டியின்மீது மோதியது. எதிரே வந்த காலி வண்டியும் சிதைவுகளில் மோதிற்று. மாண்டோர் 35 பேர்.

ஆந்தனி ஹிடன் தலைமையில் நடந்த விசாரணை ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. கம்பியைக் கையாண்ட தொழிலாளி 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு பெற்றிருந்தார்! அவரது வேலையை வேறொருவர் சரிபார்க்கவுமில்லை. குற்றம் அவருடையது மட்டுமன்று. அவ்வாறு உழைக்க விட்ட நிருவாகத்தினுடையதுமாகும்.

ஓய்வுநாளை இறைவன் கட்டளையாகவே தந்தார். அது உழைப்பவனுக்கு உரிமை. பிறர் உயிருக்குக் காவல். மிகைநேரக் கூலிக்காக ஞாயிறையும் இழக்கும் நம் பிள்ளைகளுக்கும், பிறரை வேலைவாங்கும் நமக்கும் இது நினைவிருக்கட்டும்.