யாரு பெத்த பிள்ளையோ?

ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார். நாட்டில் ஜனத்தொகை பெருக வேண்டும் என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் பிறந்தார்கள். வளர்க்க வழியில்லாதவர்கள் அரசு விடுதிகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். வரிசை வரிசையாகக் கட்டில்கள். அழுதால் தூக்க ஆளில்லை. கொஞ்ச நாளில் பல குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டன.

பிரிட்டனிலிருந்து பல குடும்பங்கள் போய் அவர்களைத் தத்தெடுத்து வந்தன. வந்த புதிதில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாமல் இருந்தார்கள். மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு, இவர்களில் 165 பேரை இருபது வயது தாண்டும்வரை விடாமல் பின்தொடர்ந்தது. பிரிட்டனிலேயே பிறந்து தத்துப்போன 52 குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது.

ஆறு மாதம் ஆவதற்குள் விடுதியிலிருந்து மீண்டவர்கள் ஏறக்குறைய மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்கு ஒன்றில் கவனம் நிலைக்கவில்லை. சிலரிடம் ஆட்டிசம் போன்ற குணங்கள் தெரிந்தன. இன்னும் சிலர், முன்பின் தெரியாதவர் கூப்பிட்டாலும் கூடவே கிளம்பிவிடுவார்கள். இதே பிரிவில் ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு ஆச்சரியம்: சிறுவயதில் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியவர்கள் இருபதுகளில் சராசரியை எட்டிவிட்டார்கள். பத்து வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து ‘இது இவ்வளவுதான்’ என்று முடிவுகட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் கவனக்குறைவு பலருக்கும் போகவில்லை. சிலருக்கு வாலிபத்தில்தான் மனச்சோர்வும் பதற்றமும் தலைகாட்டின.

நம் வீடுகளில் தத்துப் பிள்ளை பேசத் தாமதித்தாலோ மார்க் குறைந்தாலோ, உறவுக்காரர்கள் முணுமுணுப்பது ஒன்றே ஒன்று: “யாரு பெத்த பிள்ளையோ, என்ன ரத்தமோ!” ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் நடந்த ஓர் ஆய்வு இந்தப் பேச்சுக்குப் பதில் வைத்திருக்கிறது. விடுதிக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் பொறுக்கி வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவுத்திறனில் முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு நன்மை இன்னும் அதிகம். குலுக்கல் ரத்தம் பார்ப்பதில்லை. டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகள் பரம்பரையாக வருவதுண்டுதான். அவை பெற்ற வீட்டுப் பிள்ளைக்கும் வரும்.

நம் நாட்டில் தத்தெடுப்பு, மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளம் வழியாக நடக்கிறது. தமிழ்நாட்டுத் தம்பதிக்கு வேறு மாநிலக் குழந்தையும் கிடைக்கலாம். அப்படி நாலைந்து வயதில் வீடு மாறும் குழந்தை மொழியும் மாற வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு வருடத்தில் தெருவில் சரளமாகப் பேசிவிடும். பாடப்புத்தகத் தமிழோ இங்கிலீஷோ பிடிபட இன்னும் பல வருடம் ஆகும். ‘வாய் மட்டும் கிழியுது, படிக்க மாட்டேங்குது’ என்று திட்டு விழுவது இந்த இடைவெளியில்தான். அது சோம்பல் அல்ல.

பசியை அறிந்த குழந்தை தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கும். அதைத் திருட்டு என்று அடித்தால் ஒளிப்பது கூடத்தான் செய்யும். கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு டப்பா தின்பண்டம் வைத்துவிடுவது நல்லது. தப்புச் செய்தால் தனியறையில் உட்கார வைப்பதும் இத்தகைய பிள்ளைகளிடம் எடுபடாது. ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்குத் தனிமை என்றாலே பயம். பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கண்டிக்கலாம்.

குழந்தையை ஏற்கும் முன்பே அதன் மருத்துவ அறிக்கையைத் தங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் காட்டிக் கேட்க பெற்றோருக்கு உரிமை உண்டு. பலர் ஆசை அவசரத்தில் அதைச் செய்வதில்லை. வீட்டுக்கு வந்தபின் பேச்சு, நடை, கவனம், வாசிப்பு எதில் சந்தேகம் வந்தாலும் அரசின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குக் கூட்டிப்போகலாம். பிறந்தது முதல் 18 வயதுவரை பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் அங்கம் இது; கட்டணம் கிடையாது. கற்றல் குறைபாடு என்று உறுதியானால் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆளும் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்புக்கு வந்தபின் ஓடாமல், மூன்றாம் வகுப்பிலேயே எழுத்துக் கூட்டத் தடுமாறும்போது போய்விடுங்கள்.