திரையும் பக்கமும் – 14: பூத்தொடுத்தவனின் மகுடம்

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. அந்த வாரமே அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். படம் முடியும்வரை வாய் திறக்காதவர், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏம்ப்பா, சேந்தன் அமுதனுக்கு ஏன் முடிசூட்டலை?"

அத்தைக்கு எழுபத்தாறு வயது. கல்கி இதழில் அந்தக் கதை மறுபடி தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர். அந்தப் படத்தைப் பற்றி அப்போது கேட்ட பேச்சில் பாதி முகத்தைப் பற்றியது. இவரா வந்தியத்தேவன், இவரா நந்தினி என்பார்கள். 1950இல் தொடங்கிய அந்தத் தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்கள்தான் அந்த முகங்களை நம் மனத்தில் பதித்தன. எந்த நடிகர் வந்தாலும் அந்தக் கோடுகளோடுதான் போட்டி போட வேண்டும். மணிமேகலையைக் காணோம் என்று வருந்தியவர்களும் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது.

ஆனால் அத்தையின் கேள்வி வேறு வகை. கல்கி எழுதிய நாவலில் சேந்தன் அமுதன் தஞ்சையில் பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுப்பவன், தேவாரம் பாடுபவன். செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன்தான் என்று கடைசியில் தெரிகிறது. இளவரசன் அருள்மொழி அவன் தலையில் மகுடத்தை வைக்கிறான். படத்திலோ, கடம்பூர் ரகசியக் கூட்டத்துக்கு மூடுபல்லக்கில் வந்த அதே மதுராந்தகருக்கு மகுடம் போகிறது.

வரலாறு தெரிந்த நண்பர் ஒருவர் படத்துக்காக வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சேந்தன் அமுதன் கல்வெட்டில் இல்லாதவன். திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது இதுதான்: சிற்றப்பன் மதுராந்தகருக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை, அதை மனத்தாலும் விரும்ப அருள்மொழி மறுத்தான். ஆசைப்பட்டவருக்கே விட்டுக்கொடுத்தான். அப்படிப் பார்த்தால் இயக்குநர் மணிரத்னம் செப்பேட்டுக்கு அருகில் நிற்கிறார். விலகிப் போனவர் கல்கிதான்.

இதை யோசிக்க யோசிக்கத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. கல்கியும் ஒரு மூலத்திலிருந்து தழுவி எழுதியவர். அவருடைய மூலம் செப்பேடு. அதில் ஆசைப்பட்டவருக்குப் போன நாட்டை அவர் ஆசையே இல்லாதவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடுதலை கிடைத்துச் சில ஆண்டுகளே ஆன நாட்டில், பதவியைத் தேடாதவனிடம் பதவி போவதாக எழுதினார். அந்த மாற்றத்துக்குள் ஒரு கனவு இருந்தது. படம் அதை எடுத்துவிட்டது. பிறப்பு ரகசியத்தையெல்லாம் விளக்க நேரம் ஏது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கனவு இருந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை என்பதே என் குறை.

'முள்ளும் மலரும்' (1978) படத்தை நினைத்துக்கொள்கிறேன். உமாசந்திரனின் நாவலில் காளியின் கையைப் புலி பறிக்கிறது. மகேந்திரன் புலியை நீக்கிவிட்டு லாரியை வைத்தார். சாலையில் யாருக்கும் நேரக்கூடிய விபத்து அது. அதனால் காளியின் வீறாப்பும் தவிப்பும் நம் தெருக்காரன் ஒருவனுடையதாக ஆகிவிட்டன. முடிவையும் மாற்றினார். அதைப் பார்த்துவிட்டு வந்து, புலி எங்கே என்று அத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

நண்பரின் வாதத்தை அத்தையிடம் சொன்னேன். பைண்டு புத்தகத்தின் ஐந்தாம் பாகம் மடியில் திறந்திருந்தது.

"செப்பேட்டுல இருக்கிறதைச் செப்பேட்டுலயே படிச்சுக்கலாமேப்பா. இந்தப் பிள்ளைக்காகத்தானே நான் அஞ்சு பாகமும் படிச்சேன்" என்றார்.

(அடுத்த இதழில்: எட்டு நாள் கதையான பூமணியின் 'வெக்கை', 'அசுரன்' ஆனபோது)