ஒரே ஜி.பி.எஸ். லாரிக்கும் ஆகுமா, டிரோனுக்கும் ஆகுமா?



நம்ம வல்லக்கோட்டைக்கு ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம். நடுவுல போற ரோட்டுல ராத்திரி பகல்னு பார்க்காம கன்டெய்னர் ஓடிக்கிட்டே இருக்கும். நம்ம பள்ளியில் படிக்கிற நிறைய பேரோட அப்பா டிரைவர்தான். என் அப்பாவும் லாரிதான் ஓட்டுறாரு. அதனால இந்தக் கட்டுரை உங்க வீட்டுக்கும் உதவும்னு நினைச்சு எழுதுறேன்.

என்ன நடந்தது?

போன ஐப்பசி மழையில அப்பா கார் உதிரி பாகம் ஏத்திக்கிட்டு ஒரு புது இடத்துக்குப் போனாரு. வழி தெரியாததால செல்போனில் மேப்பைப் போட்டாரு. ஒரு இடத்துல இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினாரு. கொஞ்ச தூரம் போனதும் எதிரே ரயில் பாலம். ரோடு அதுக்கு அடியில போகுது. கார் போகலாம், வேன் போகலாம். அப்பாவோட லாரிப் பெட்டி உயரத்துக்கு அந்தப் பாலம் இடம் கொடுக்காது. நல்லவேளை, மழையிலும் மஞ்சள் கறுப்பு அடிச்ச கம்பி கண்ணுல பட்டதால பிரேக் போட்டுட்டாரு. லாரியைத் திருப்ப இடமில்லாம, கிளீனர் அண்ணன் நனைஞ்சுக்கிட்டே விசில் அடிக்க, ரிவர்ஸிலேயே வெளியே வந்தாங்க. லோடு நாலு மணி நேரம் லேட். அந்த நடைக்குப் பேட்டாவுல பிடிச்சுட்டாங்க.

"பேட்டா போனா போகுது, நீங்க வந்து சேர்ந்தீங்களே"ன்னு அம்மா சொன்னாங்க. ஆனா அன்னைக்கு அம்மா சாப்பிடலை.

அந்த வாரம்தான் என் மாமா வந்தாரு. அவர் டிரோன் ஓட்டும் பயிற்சி முடிச்சு சான்றிதழ் வாங்கியிருக்காரு. நெல் வயலுக்கு மருந்து தெளிக்கிற டிரோன். வயல் எல்லையை அளக்கக் கையில் வைக்கிற ஜி.பி.எஸ். வேணும்னு தேடிக்கிட்டு இருந்தாரு. "மாமா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு வாங்கிடலாம். நீங்க ரோட்டுக்கு வெச்சுக்கோங்க, நான் வயலுக்கு வெச்சுக்கிறேன்"னு அப்பாகிட்ட சொன்னாரு. மகளிர் குழுவில் பத்தாயிரம் கடன் எடுத்துத் தர்றதா அம்மா சொன்னாங்க. அப்பா என்னைப் பார்த்து, "நீதான் அறிவியல்ல நல்ல மார்க் எடுக்கிறியே, எதை வாங்கலாம்னு படிச்சுச் சொல்லும்மா"ன்னாரு.

எனக்குப் பயமாப் போச்சு. நான் தப்பாச் சொன்னா வட்டி கட்டப்போறது அம்மா. அதனால நல்லாப் படிச்சேன். படிச்சதை இங்கே எழுதுறேன்.

ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது?

ஜி.பி.எஸ். அமெரிக்காவுடைய ஏற்பாடு. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நாளில் இரண்டு முறை பூமியைச் சுற்றி வரும். முதல் செயற்கைக்கோள் 1978இல் அனுப்பப்பட்டது. முழு அமைப்பும் 1995இல் தயாரானது.

ஒவ்வொரு செயற்கைக்கோளும் "நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். நம் கையில் இருக்கும் கருவி அதைக் கேட்டு, அலை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போடும். ரேடியோ அலை ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நேரத்தை அந்த வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். நாம் கணக்குப் பாடத்தில் போடும் தூரம், வேகம், நேரம் கணக்கேதான்!

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று தூரம் போதும். ஆனால் நம் கருவியின் கடிகாரம் அவ்வளவு துல்லியம் கிடையாது. ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே 300 மீட்டர் தள்ளிக் காட்டும். அந்தத் தவறைச் சரிசெய்ய நாலாவது செயற்கைக்கோள் வேண்டும். அதனால்தான் குறைந்தது 4 தெரிய வேண்டும் என்கிறார்கள்.

முன்பு பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைச் சேர்த்து வைத்திருந்தது. சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அதை நிறுத்தினார்கள். இப்போது திறந்த வெளியில் சாதாரண செல்போனே சுமார் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். உயரமான தொழிற்சாலைச் சுவர் ஓரத்திலும் மேம்பாலத்துக்கு அடியிலும் அலை மறைந்தும் எதிரொலித்தும் வருவதால் தடுமாறும்.

உங்களுக்குத் தெரியுமா? ஜி.பி.எஸ். கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்பாது. ரேடியோப் பெட்டி மாதிரி கேட்கும், அவ்வளவுதான். அதனால் சிம் கார்டே இல்லாத செல்போனிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்!

இடம் வேறு, வழி வேறு

படிச்சதுல நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம் இதுதான். ஜி.பி.எஸ். நமக்குத் தர்றது சில எண்கள் மட்டும். நம்ம ஊர் ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கு, 79.9 டிகிரி கிழக்கு. இந்த எண்ணுல ரோடு இல்லை, பாலம் இல்லை, தென்னை மரமும் இல்லை. அதெல்லாம் மேப்பில் இருக்கு. மேப்பை எழுதினது மனுஷங்க. அவங்க எதை எழுதலையோ அது கருவிக்குத் தெரியாது. அப்பா நின்ன இடத்தை ஜி.பி.எஸ். அன்னைக்குச் சரியாத்தான் காட்டுச்சு. பாலத்தோட உயரம்தான் அந்த மேப்பில் இல்லை. இருந்திருந்தாலும் அப்பா ஓட்டுறது காரா லாரியான்னு அது கேட்கவே இல்லை.

ரோட்டுக்கு என்ன வேண்டும்?

லாரிக்குப் பாலத்தின் உயரம், ரோட்டின் அகலம், எடைக் கட்டுப்பாடு எல்லாம் தெரிந்த மேப் வேண்டும். வெளிநாடுகளில் லாரிக்கென்றே தனி நேவிகேட்டர் விற்கிறார்கள். வண்டியின் உயரத்தையும் எடையையும் முதலில் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்லும். ஆனால் நாம் போகும் ஊர்ப் பாலங்கள் அந்த மேப்பில் இருந்தால்தான் அதனால் பயன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில வண்டிகளில் ஏற்கெனவே ஒரு ஜி.பி.எஸ். பெட்டி மாட்டியிருப்பார்கள். அது வண்டி எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குச் சொல்வதற்கு. அதற்குள் சிம் கார்டு இருக்கும். டிரைவருக்கு அது வழி சொல்லாது. கடையில் "ஜி.பி.எஸ். கொடுங்க" என்று மட்டும் கேட்டால் இதையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஜாக்கிரதை!

வானத்துக்கு என்ன வேண்டும்?

ரோட்டில் போகிறவருக்கு இடது, வலது தெரிந்தால் போதும். பறப்பவருக்கு மேலே, கீழே என்பதும் தெரிய வேண்டும். ஜி.பி.எஸ். உயரத்தையும் சொல்லும். ஆனால் அதில் பிழை அதிகம். காரணம், செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேயே இருக்கின்றன, கீழிருந்து சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் விமானங்கள் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துப் பார்க்கின்றன. மேலே போகப் போக அழுத்தம் குறையும் என்று நாம் படித்திருக்கிறோம்.

விமானம் இறங்கும்போது 5 மீட்டர் பிழைகூடப் பெரிசு. அதைத் திருத்த நம் இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ககன்' என்ற அமைப்பை உருவாக்கின. தரையில் உள்ள நிலையங்கள் பிழையைக் கணக்கிட்டு, ஜிசாட் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்புகின்றன. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானில் உள்ள கிஷன்கர் விமான நிலையத்தில் ககன் உதவியோடு ஒரு பயணிகள் விமான நிறுவனம் தன் விமானத்தை இறக்கிச் சோதித்தது.

மாமாவோட டிரோனுக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கு. கிளம்புற இடத்தை 'வீடு'ன்னு அது மனசுல வெச்சுக்கும். ரிமோட் தொடர்பு போயிட்டா தானாத் திரும்பி வரும். ஆனா போதுமான செயற்கைக்கோள் கிடைக்கிறதுக்கு முன்னாடி அவசரப்பட்டுக் கிளப்பினா, வீட்டையே தப்பா ஞாபகம் வெச்சுக்கும்! திரும்பி வர்ற உயரத்தையும் நாமதான் சொல்லணும். மரமும் கரண்ட் கம்பியும் ஜி.பி.எஸ்.க்குத் தெரியாது. அப்பாவோட பாலம் கதையேதான் இங்கேயும்.

சட்டமும் உண்டு. 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டுப்பாடு அதிகம். ஓட்டுநர் சான்றிதழ் வாங்க 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். நான் இன்னும் நாலு வருஷம் காத்திருக்கணும்!

இரண்டுக்கும் ஆகிற கருவி உண்டா?

உண்டு. கார்மின் நிறுவனம் 'ஏரா' என்ற பெயரில் கையடக்கக் கருவிகள் செய்தது. அதில் ஏரா 500 வரிசை, விமானத்தில் வைத்தால் ஓடுதளமும் மலையும் காட்டும், காரில் வைத்தால் ரோட்டைக் காட்டும். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்காகச் செய்தது. எங்க பத்தாயிரத்துக்கு அந்த மாதிரிக் கருவி எட்டாது. எட்டினாலும் மாமாவுக்கு ஓடுதளம் எதுக்கு? அவருக்கு வேண்டியது வயல் வரப்பு.

வேலைக்குத் தக்க கருவி என்பதற்கு நம் மீனவர்களே உதாரணம். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் டவர் இல்லாததால் பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன்பிறகு 2019இல் 'ஜெமினி' என்ற சின்னக் கருவியை வெளியிட்டார்கள். ககன் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் செல்போனுக்குத் தரும். ரோட்டு மேப் அதில் கிடையாது. கடலில் அது தேவையும் இல்லை.

நம் நாட்டுக்கே சொந்தமாக 'நாவிக்' அமைப்பும் இருக்கிறது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. பிறகு அதன் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகின. பதிலுக்கு 2017இல் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாததால் தோல்வி. 2018இல் அனுப்பியதுதான் வெற்றி. கடிகாரம் நின்றால் இடம் காட்டும் வேலையே நின்றுவிடும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

நாங்கள் எடுத்த முடிவு

"ஒரே கருவி வேண்டாம்பா, கடனும் வேண்டாம்"னு சொன்னேன். மாமாவுக்கு முகம் கொஞ்சம் வாடிப் போச்சு. பிறகு பயிற்சி கொடுத்த இடத்துல கேட்டாரு. அவர் ஓட்டுற டிரோனோட ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு வரப்பைச் சுத்தி நடந்தாலே எல்லை பதிவாகிடும்னு சொல்லிட்டாங்க.

அப்பாவுக்கு அவர் செல்போனே போதும். கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்ட ஒரு ஸ்டாண்டு, வண்டி சார்ஜர் ரெண்டும் வாங்கினோம். ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. டவர் இல்லாத இடத்துக்காக மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சோம். கூடவே ஒரு 40 பக்க நோட்டு. டேப் வெச்சு லாரியோட உயரத்தை அளந்து முதல் பக்கத்துல பெரிசா எழுதினேன். அப்பா போற வழியில எந்தப் பாலம் எவ்வளவு உயரம்னு பலகையைப் பார்த்து வந்து சொல்வாரு, நான் எழுதுவேன். புது இடம்னா கிளம்பும் முன்னாடி அங்கே போன் பண்ணி, "லாரி உள்ளே வருமா?"ன்னு கேட்டுடுறாரு.

போன வாரம் மேப் மறுபடியும் குறுக்கு வழி காட்டுச்சாம். அப்பா நோட்டைப் பார்த்துட்டு, 12 கிலோமீட்டர் கூடுதலா மெயின் ரோட்டிலேயே சுத்தி வந்தாரு. டீசல் செலவுதான். ஆனா ராத்திரி எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டாரு. அம்மாவும் சாப்பிட்டாங்க.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது எனக்கு வழி சொல்லுமா, என்னைப் பற்றி வேறு யாருக்காவது சொல்லுமா?
2. டவர் இல்லாத இடத்திலும் மேப் தெரியுமா?
3. என் வண்டியின் உயரமும் எடையும் இதற்குத் தெரியுமா?
4. மேப்பைப் புதுப்பிக்கத் தனியாகக் காசு கட்ட வேண்டுமா?
5. இந்த வேலையைச் செய்யும் கருவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா?

தோழிகளே, தோழர்களே, உங்க அப்பாவும் டிரைவரா? அப்போ இன்னைக்கே வண்டி உயரத்தை அளந்து ஒரு நோட்டுல எழுதுங்க. எங்க நோட்டுல இதுவரைக்கும் 11 பாலம் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னா சேர்த்துக்குறேன். எல்லாத்தையும் சேர்த்து அடுத்த இதழில் ஒரு பட்டியலா ஒட்டலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி